சொந்த விபிஎன் போட்டால் யாரிடமிருந்து மறையலாம், யாரிடம் மாட்டுவோம்?

மின்மினி:

வணக்கம். என்னுடைய விபிஎன் (இணையப் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை) சந்தா முடியப்போகிறது. அதைப் புதுப்பிக்காமல், சின்னதாக ஒரு விபிஎஸ், அதாவது இணையத்தில் ஓடும் ஒரு சர்வர், வாடகைக்கு எடுத்து நானே வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை. எஸ்எஸ்எச் (தூரத்து சர்வரில் கட்டளை கொடுக்கும் வழி) வழியாக உள்ளே போய் பேக்கேஜ் நிறுவவும் கான்ஃபிக் ஃபைலைத் திருத்தவும் தெரியும். நெட்வொர்க் சமாசாரம் அரைகுறைதான்.

வேண்டியது மூன்று. விடுதி, விமான நிலையம் மாதிரி இடங்களின் வைஃபையில் பயமில்லாமல் வேலை பார்க்க வேண்டும். வீட்டில் இருக்கும் நாஸை (நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டி) வெளியிலிருந்து திறக்க வேண்டும். அப்புறம், நான் எந்தத் தளத்துக்குப் போகிறேன் என்பது யாருக்கும் தெரியக்கூடாது. ஒரே கல்லில் மூன்று மாங்காய் விழுமா?

கறார்:

இரண்டு விழும். மூன்றாவதை இப்போதே மறந்துவிடுங்கள்.

விபிஎன் போட்டபின் உங்கள் ஐஎஸ்பிக்கு (இணைய இணைப்பு தரும் நிறுவனம்) தெரிவது, நீங்கள் ஏதோ ஒரு சர்வரோடு பூட்டிய பாக்கெட்டுகளைப் பரிமாறிக்கொள்கிறீர்கள் என்பது மட்டும்தான். அதுவரை சரி. ஆனால் டனல், அதாவது அந்தப் பூட்டிய பாதை, அந்த சர்வரோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து தளத்துக்குப் போகும் வழி சாதாரண இணையம்தான். இதுவரை ஐஎஸ்பி பார்த்ததை இனி விபிஎஸ் நிறுவனம் பார்க்கலாம்: எந்த ஐபியோடு, எத்தனை மணிக்கு, எவ்வளவு டேட்டா. எச்டிடிபிஎஸ் என்றாலும் டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ்ஸின் பூட்டு) தொடங்கும் முதல் பாக்கெட்டிலேயே தளத்தின் பெயர் பெரும்பாலும் திறந்தபடிதான் போகிறது. அந்த நிறுவனத்திடம் உங்கள் பெயரும் கார்டு விவரமும் ஏற்கெனவே இருக்கின்றன. மெஷினே அவர்களுடையது என்பதால், நினைத்தால் அதன் மெமரியையும் டிஸ்கையும் படிக்க முடியும். சர்வரின் பிரைவேட் கீ (பூட்டைத் திறக்கும் ரகசியச் சாவி) அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

தளங்களின் பக்கம் இன்னும் மோசம். சந்தா விபிஎன்னில் ஒரே ஐபியிலிருந்து பல நூறு பேர் வெளியே வருவார்கள். பேருந்துக் கூட்டத்தில் நீங்களும் ஒரு ஆள். சொந்த விபிஎன் என்பது உங்கள் பெயரில் பதிவான கார். அந்த ஐபியில் வருவது நீங்கள் ஒருவர்தான், அது மாறுவதும் இல்லை. வீட்டு ஐஎஸ்பி தருகிற முகவரியாவது அவ்வப்போது மாறும்.

மின்மினி:

அப்படியானால் காசு கட்டி வாங்கும் சேவையே மேலா?

கறார்:

அதையும் சொல்லவில்லை. அங்கே “பதிவு வைப்பதில்லை” என்ற வாக்குறுதியை நம்ப வேண்டும். வெளியிலிருந்து நீங்கள் அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. இரண்டிலும் நம்பிக்கை இடம் மாறுகிறதே தவிர, தேவையில்லாமல் போய்விடுவதில்லை. இன்னார் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பதை ஒரே ஆளால் இரு பக்கமும் சேர்த்துப் பார்க்க முடியாமல் இருக்க வேண்டும் என்றால் அது டோர் என்ற வலைப்பின்னலின் வேலை. அதில் மூன்று ரிலே, அதாவது இடைநிலை சர்வர். முதலாவதுக்கு உங்களைத் தெரியும், கடைசிக்குப் போகும் இடம் தெரியும், இரண்டும் தெரிந்த ரிலே கிடையாது. வேகம் குறையும், பல தளங்கள் கதவைச் சாத்தும். அந்த விலை கொடுக்கத்தான் வேண்டும்.

நெட்டிலிங்கம்:

கறார் எப்போதும் போல முதல் வரியிலேயே பயமுறுத்திவிட்டார். சொன்னது எல்லாம் உண்மை, ஆனால் மின்மினியின் முதல் இரண்டு தேவைக்கும் சொந்த விபிஎன் மாதிரி உருப்படியான ஏற்பாடு வேறில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

எப்படிப் போடுவது என்பதற்கு வருகிறேன். வயர்கார்டு போதும், ஓபன்விபிஎன் என்ற இன்னொரு மென்பொருள் பக்கம் போக வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6-லிருந்து அது கர்னலுக்குள்ளேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) இருக்கிறது. அதன் கர்னல் பகுதி ஏறக்குறைய 4,000 வரி கோடுதான். ஒரு ஆள் உட்கார்ந்து முழுவதையும் படித்துவிடலாம் என்பது பாதுகாப்பு விஷயத்தில் சின்ன அனுகூலம் இல்லை. எந்த மறையாக்க முறையைப் பயன்படுத்துவது என்று தேர்ந்தெடுக்கும் வேலையும் உங்களுக்குக் கிடையாது. கர்வ்25519, சாச்சா20-பாலி1305 என்று எல்லாம் முடிவு செய்தே வருகிறது. பழைய ரூட்டர்களில் இன்னும் பிபிடிபி என்று ஒரு பழைய விபிஎன் முறைக்கான விருப்பம் தெரியும். அதைத் தொடவே வேண்டாம், அதன் உள்நுழைவு முறை 2012-லேயே உடைந்துவிட்டது.

விபிஎஸ் மிகச் சின்னதாக இருந்தால் போதும், 512 எம்பி ரேம் தாராளம். இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிமீ போகிறது. சர்வர் 5,000 கிமீ தள்ளி இருந்தால் போய்வரவே குறைந்தது 50 மில்லிசெகண்ட், இது எவ்வளவு காசு கொடுத்தாலும் குறையாது. பக்கத்தில் இருப்பதை எடுங்கள். மாதாந்தர டேட்டா வரம்பையும் பாருங்கள். 10 ஜிபி படம் பார்த்தால் விபிஎஸ்ஸுக்குள் 10 வருகிறது, உங்களை நோக்கி 10 போகிறது. இரண்டு திசையையும் எண்ணும் நிறுவனம் என்றால் கணக்கில் 20.

சர்வரில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒரு ஜோடி கீ (ரகசியமான பிரைவேட், வெளியே தரும் பப்ளிக்) உருவாக்க வேண்டும். வயர்கார்டின் இன்டர்ஃபேஸுக்கு (நெட்வொர்க் வாசல்) 10.66.0.1 மாதிரி ஒரு உள் முகவரி, யுடிபி (பாக்கெட் அனுப்பும் ஒரு முறை) 51820 போர்ட். கர்னலில் ஐபி ஃபார்வர்டிங்கை (ஒரு வாசலில் வந்ததை மறு வாசலில் அனுப்புவது) இயக்க வேண்டும், சாதாரணமாக அது அணைந்தே இருக்கும். வெளியே போகும் இன்டர்ஃபேஸில் நாட், அதாவது உள் முகவரிகளை சர்வரின் ஐபியாக மாற்றி அனுப்பும் மாஸ்கரேட் விதி. ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு பீர் (மறுமுனை) பகுதி, அதில் அதன் பப்ளிக் கீயும் 10.66.0.2/32 மாதிரி ஒரு முகவரியும்.

சாதனத்தின் பிரைவேட் கீயை அந்தச் சாதனத்திலேயே உருவாக்குங்கள். சர்வருக்குப் போக வேண்டியது பப்ளிக் கீ மட்டும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, 44 எழுத்து, கடைசியில் சமக்குறி. மாற்றி ஒட்டிவிடுவது சுலபம்.

அலவுட் ஐபிஸ் என்ற வரிதான் புதியவர்களைப் பிடித்து ஆட்டும். வெளியே அனுப்பும்போது அது ரூட்: இந்த முகவரிகளுக்கான பாக்கெட்டை இந்த பீருக்கு அனுப்பு. உள்ளே வரும்போது அதுவே காவல்: இந்த பீரிடமிருந்து இந்த முகவரியில் வந்தால் மட்டும் ஏற்றுக்கொள். போனில் 0.0.0.0/0 என்று போட்டால் எல்லாமே டனல் வழியாகப் போகும், அங்கே அது சரி. அதையே சர்வரில் இருக்கும் பீர் பகுதியிலும் போட்டு இன்டர்ஃபேஸை எழுப்பினால், சர்வர் தன் எல்லாப் போக்குவரத்தையும் உங்கள் போனுக்குத் திருப்பிவிடும். அந்த நொடியில் எஸ்எஸ்எச் அறுந்துபோகும். விபிஎஸ் நிறுவனத்தின் வெப் கன்சோல் வழியாகத்தான் மீண்டும் உள்ளே போக முடியும்.

தூக்கணாங்குருவி:

நாஸ் பற்றி யாரும் பேசவில்லையே. அதற்கு விபிஎஸ் தேவையா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டு ரூட்டரின் வான் (இணையத்தை நோக்கிய) பக்கத்தில் என்ன ஐபி இருக்கிறது என்று பாருங்கள். வெளித்தளங்கள் காட்டும் உங்கள் ஐபியும் அதுவும் ஒன்றாக இருந்தால் வீட்டிலேயே வயர்கார்டு போட்டு, ரூட்டரில் ஒரு யுடிபி போர்ட்டைத் திறந்து, மாறும் ஐபியை ஒரு நிலையான பெயரோடு இணைக்கும் டைனமிக் டிஎன்எஸ் ஒன்றை மாட்டினால் முடிந்தது. விபிஎஸ் வாடகை மிச்சம். ரூட்டரில் 100.64-லிருந்து 100.127-க்குள் ஒரு முகவரி தெரிந்தால் நீங்கள் சிஜிநாட் பின்னால் இருக்கிறீர்கள். ஒரு பொது ஐபியை ஐஎஸ்பி பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகிறது. வெளியிலிருந்து உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட வழியே இல்லை, ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. சில ஐஎஸ்பிகள் 10-ல் தொடங்கும் முகவரியும் தருவார்கள், அதுவும் இதே கதைதான்.

மின்மினி:

பார்த்தேன். 100.80 என்று தொடங்குகிறது.

தூக்கணாங்குருவி:

அப்போது விபிஎஸ் வேண்டும். வீட்டில் நாஸிலோ ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியிலோ வயர்கார்டு போட்டு, அது உள்ளிருந்து வெளியே, விபிஎஸ்ஸை நோக்கி இணையட்டும். போனும் அதே விபிஎஸ்ஸுக்கு வரும். நடுவில் சந்தித்துக்கொள்ளும். வீட்டுப் பக்கத்தில் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 என்று போட வேண்டும். வயர்கார்டு பேச வேண்டியது இல்லாதபோது வாயே திறக்காது. ஐஎஸ்பியின் நாட் கொஞ்ச நேரம் சத்தம் இல்லாவிட்டால் அந்த வழியை மூடிவிடும். 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு வெற்றுப் பாக்கெட் போய்க்கொண்டிருந்தால் திறந்தே இருக்கும்.

வீட்டு நெட்வொர்க் 192.168.1.0/24 ஆக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். தங்கும் விடுதியின் வைஃபையும் அதே எண்ணாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அப்போது நாஸின் 192.168.1.20-ஐக் கூப்பிட்டால் லேப்டாப் விடுதியின் நெட்வொர்க்கில் போய் அதைத் தேடும். 10.173.41.0/24 மாதிரி யாரும் வைக்காத ஒன்றை வையுங்கள்.

கறார்:

குருவி சொன்ன ஏற்பாட்டில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. போனிலிருந்து விபிஎஸ் வரை ஒரு டனல், விபிஎஸ்ஸிலிருந்து வீடு வரை இன்னொரு டனல். நடுவில் பூட்டு திறந்து மறுபடி பூட்டப்படுகிறது. அதாவது உங்கள் நாஸ் போக்குவரத்து விபிஎஸ்ஸுக்குள் ஒரு கணம் திறந்தபடி இருக்கிறது. “விபிஎன்னுக்குள்தானே இருக்கிறோம்” என்று நாஸை வெறும் எச்டிடிபியில் திறக்காதீர்கள். அதற்குள்ளும் எச்டிடிபிஎஸ் அல்லது எஸ்எஸ்எச் இருக்கட்டும்.

தறி:

இதற்காகத்தான் நான் டெயில்ஸ்கேல் என்ற சேவையின் பக்கம் போனேன். அடியில் வயர்கார்டுதான். ஆனால் இரண்டு சாதனமும் நாட் தடையைத் துளைத்து நேராகப் பேசிக்கொள்ளும். முடியாமல் போனால் அவர்களுடைய ரிலே வழியாகப் போகும், அப்போதும் பூட்டு இரண்டு முனையில்தான், நடுவில் திறக்காது. மின்மினிக்கு விபிஎஸ்ஸே தேவைப்படாமல் போகலாம்.

நெட்டிலிங்கம்:

நல்ல யோசனைதான் தறி. ஆனால் எந்தச் சாதனம் யாருடைய கீயை நம்ப வேண்டும் என்று பட்டியல் கொடுப்பது அவர்களுடைய கன்ட்ரோல் சர்வர். அந்த இடத்தில் நம்பிக்கை வைக்க வேண்டியிருக்கிறது. அது வேண்டாம் என்றால் ஹெட்ஸ்கேல் என்று அந்தப் பகுதியைச் சொந்தமாக நடத்தும் மென்பொருள் உண்டு. அதை ஓட்ட ஒரு விபிஎஸ் வேண்டும், கதை தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். :-)

மின்மினி:

நானே போட்டுக் கற்றுக்கொள்ளவும் ஆசை, அதனால் வயர்கார்டே போட்டேன். இரண்டு பக்கமும் இன்டர்ஃபேஸ் எழுந்துவிட்டது, எந்தப் பிழையும் காட்டவில்லை. போனில் “ஆக்டிவ்” என்கிறது. ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. லாக் ஃபைலில் ஒன்றுமே இல்லை. எங்கே பார்ப்பது?

பழைய மோடம்:

தம்பி, வயர்கார்டில் “ஆக்டிவ்” என்பதற்கு மதிப்பே கிடையாது. கீ தப்பாக இருந்தாலும் ஆக்டிவ், சர்வரே இல்லாவிட்டாலும் ஆக்டிவ். தெரியாத ஆள் கதவைத் தட்டினால் அது பதிலே சொல்லாது, “நீ யார்” என்றுகூடக் கேட்காது. வெளியிலிருந்து போர்ட் ஸ்கேன் செய்பவனுக்கு அங்கே ஒன்றுமே இல்லாதது போலத் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் நமக்கும் கோளாறு கண்டுபிடிப்பது கஷ்டம்.

சர்வரில் டபிள்யூஜி ஷோ கட்டளையைப் போடுங்கள். “லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்” (இரு முனையும் கடைசியாகக் கீ சரிபார்த்துக்கொண்ட நேரம்) என்று ஒரு வரி வருகிறதா? அதுதான் முக்கியம்.

அந்த வரியே இல்லை என்றால் பாக்கெட் வந்து சேரவில்லை, அல்லது கீ பொருந்தவில்லை. முதலில் சந்தேகப்பட வேண்டியது பயர்வால், அதுவும் இரண்டு பயர்வால். சர்வருக்குள் இருப்பது ஒன்று, விபிஎஸ் நிறுவனத்தின் கன்ட்ரோல் பேனலில் இருப்பது இன்னொன்று. கையோடு 51820 டிசிபியைத் திறந்து வைத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வயர்கார்டுக்கு யுடிபி மட்டும்தான்.

ஹேண்ட்ஷேக் இருக்கிறது, ஆனால் இணையம் இல்லை என்றால் கீயையும் போர்ட்டையும் தொடாதீர்கள், அவை சரியாக இருக்கின்றன. ஃபார்வர்டிங் அணைந்திருக்கும், அல்லது மாஸ்கரேட் விதியில் இன்டர்ஃபேஸ் பெயர் தப்பாக இருக்கும். இணையத்தில் கிடைக்கும் கையேடுகளில் பாதி ஈடிஎச்0 என்று எழுதியிருக்கும், உங்கள் சர்வரில் அது இஎன்எஸ்3 ஆக இருக்கலாம்.

ஐபி எண்ணைப் பிங் செய்தால் பதில் வருகிறது, பெயரைப் போட்டால் வரவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபி எண்ணாக மாற்றும் சேவை).

டேட்டா ஓடிக்கொண்டிருக்கும்போது ஹேண்ட்ஷேக் ஏறக்குறைய 2 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். பயன்பாட்டில் இருக்கும்போதே அது 3 நிமிடத்தைத் தாண்டிப் பழையதாகக் காட்டினால் இணைப்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். சும்மா இருக்கும்போது பழையதாகக் காட்டினால் கவலை வேண்டாம்.

மின்மினி:

தங்கை என்று திருத்திக்கொள்ளுங்கள் ஐயா. :-) ஹேண்ட்ஷேக் வரி இல்லை. கன்ட்ரோல் பேனலில் தனியாக ஒரு பயர்வால் இருந்தது, அதில் யுடிபி திறந்ததும் உடனே வந்துவிட்டது. இணையமும் வந்தது.

இப்போது விசித்திரமாக ஒன்று. சில தளங்கள் பளிச்சென்று திறக்கின்றன. சில, பாதி வந்து அப்படியே நிற்கின்றன. எஸ்எஸ்எச் உள்ளே போகிறது, பெரிய டைரக்டரியைப் பட்டியலிட்டால் உறைந்துவிடுகிறது.

பழைய மோடம்:

சரி தங்கை. சின்னது போகிறது, பெரியது நிற்கிறது என்றாலே எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு.

சாதாரண ஈதர்நெட் பாக்கெட் 1500 பைட். வயர்கார்டு தன் உறையைச் சுற்ற ஐபிவி4-ல் (பழைய முகவரி முறை) 60 பைட், ஐபிவி6-ல் (புதிய முறை) 80 பைட் எடுத்துக்கொள்கிறது. அதனால் 80-ஐக் கழித்து 1420 என்று வைக்கிறது. ஆனால் உங்கள் வீட்டு இணைப்பு பிபிபிஓஇ என்ற வகை என்றால் அங்கே ஏற்கெனவே 1492தான். மொபைல் நெட்வொர்க்கில் இன்னும் குறையலாம். பெரிய பாக்கெட் வழியில் எங்கோ சத்தமில்லாமல் விழுகிறது. “பெரிதாக இருக்கிறது, குறை” என்று திரும்பிவர வேண்டிய ஐசிஎம்பி செய்தியை யாரோ பயர்வாலில் தடுத்து வைத்திருப்பார்கள்.

சாதனத்தின் இன்டர்ஃபேஸ் பகுதியில் எம்டியு 1280 என்று போட்டுப் பாருங்கள். சரியானால் காரணம் அதுதான், அப்புறம் மெதுவாக ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றாமல் விட்டாலும் பெரிய நட்டமில்லை.

மின்மினி:

1280 போட்டதும் எல்லாம் ஓடுகிறது. மிக்க நன்றி ஐயா.

கறார், முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். “யாருக்கும்” வேண்டாம். விடுதி வைஃபைகாரருக்கும் என் ஐஎஸ்பிக்கும் தெரியாமல் இருந்தால் போதும். அதுவாவது உறுதியா?

கறார்:

இப்போது கேள்வி சரியாக இருக்கிறது. உறுதி, ஆனால் கசியும் இடங்களை அடைத்தால்.

முதலில் ஐபிவி6. உங்கள் கான்ஃபிக்கில் 0.0.0.0/0 மட்டும் இருந்தால் அது ஐபிவி4 மட்டும்தான். வைஃபை ஐபிவி6 கொடுத்தால், இரண்டும் உள்ள தளங்களுக்கு போன் ஐபிவி6-ஐத்தான் பெரும்பாலும் முதலில் முயலும், அது டனலுக்கு வெளியே நேராகப் போகும். திரையில் விபிஎன் சின்னம் பத்திரமாக எரிந்துகொண்டிருக்கும். ::/0 என்பதையும் சேருங்கள். விபிஎஸ்ஸில் ஐபிவி6 இல்லாவிட்டாலும் சேருங்கள், அது டனலுக்குள் போய்ச் செத்தாலும் பரவாயில்லை, வெளியே போகாமல் இருந்தால் சரி.

அடுத்து டிஎன்எஸ். கான்ஃபிக்கில் டிஎன்எஸ் வரி இல்லாவிட்டால் விடுதி ரூட்டர் கொடுத்த முகவரியிலேயே பெயர்களைக் கேட்டுக்கொண்டிருக்கும். விபிஎஸ்ஸிலேயே அன்பவுண்டு என்ற டிஎன்எஸ் மென்பொருளை நிறுவி அதைச் சுட்டலாம்.

மூன்றாவது, டனல் அறுந்த நேரம். ஆண்ட்ராய்டில் “எப்போதும் இயங்கும் விபிஎன்”, “விபிஎன் இல்லாத இணைப்பைத் தடு” என்று இரண்டு சுவிட்ச் உண்டு, இரண்டையும் போடுங்கள். அப்போதும், இணையம் இருக்கிறதா என்று போன் பார்க்கும் சோதனைப் பாக்கெட்டுகள் வெளியே போகும் என்று 2022-ல் முல்வாட் என்ற விபிஎன் நிறுவனம் காட்டியது. அதில் நீங்கள் பார்க்கும் தளம் எதுவும் தெரியாது, ஆனால் பூஜ்யம் என்று சொல்ல முடியாது. லேப்டாப் லினக்ஸ் என்றால் டனல் இன்டர்ஃபேஸ் வழியாக அல்லாத எதையும் நிராகரிக்கும் பயர்வால் விதி ஒன்றை வயர்கார்டு எழும்போதே போடச் செய்யலாம்.

நெட்டிலிங்கம்:

அந்த பயர்வால் விதியை நானும் வலியுறுத்துகிறேன், டனல்விஷன் என்ற தாக்குதல் காரணமாக. 2024 மே மாதம் லெவியத்தன் செக்யூரிட்டி ஆய்வாளர்கள் வெளியிட்டது. வைஃபையில் ஐபி கொடுக்கும் டிஎச்சிபியில் 121 என்று ஒரு ஆப்ஷன் 2002-லிருந்தே இருக்கிறது: “இந்த முகவரிகளுக்குப் போக இந்த வழி” என்று சாதனத்துக்கு ரூட் சொல்லித்தரும். அதே வைஃபையில் இருக்கும் கெட்ட எண்ணக்காரன் போலி டிஎச்சிபி நடத்தி, இணையம் முழுவதையும் இரண்டு பாதியாக வெட்டி இரண்டு ரூட் கொடுக்கிறான். விபிஎன் போட்ட பொதுவான ரூட்டைவிடக் குறிப்பான ரூட் ஜெயிக்கும் என்பது நெட்வொர்க்கின் அடிப்படை விதி. பாக்கெட்டுகள் டனலுக்குள் நுழையாமலே போய்விடும். டனல் உயிரோடுதான் இருக்கும், ஹேண்ட்ஷேக்கும் நடக்கும். மறையாக்கத்தை யாரும் உடைக்கவில்லை, அந்தப் பக்கமே வரவிடவில்லை.

ஆண்ட்ராய்டு அந்த ஆப்ஷனைக் கண்டுகொள்வதே இல்லை, அதனால் தப்பித்தது. லேப்டாப்பில் பயர்வால் விதி இருந்தால் அந்தப் பாக்கெட்டுகள் வெளியே போகாமல் நிற்கும். சந்தேகமான இடத்தில் போன் ஹாட்ஸ்பாட்டையே பயன்படுத்தினால் இந்தத் தலைவலி இல்லை.

தறி:

இதற்கு நேர் எதிரான தொல்லை ஒன்றும் உண்டு. விடுதி வைஃபையில் அறை எண் கேட்கும் அந்த முதல் பக்கம், பயர்வால் விதி இருந்தால் திறக்கவே திறக்காது. விபிஎன்னை அணைத்து, உள்நுழைந்து, மறுபடி போட வேண்டும். அந்த இடைவெளியில் லேப்டாப்பில் திறந்து கிடக்கும் மெயிலும் சாட்டும் வெளியே ஓடிப்போய் இணைந்துவிடும். நான் அதற்கென்று தனியாக ஒரு பிரௌசர் வைத்திருக்கிறேன், மற்றதையெல்லாம் மூடிவிட்டுத்தான் அந்தப் பக்கத்தைத் திறப்பேன்.

வெண்டைக்காய்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் அலுவலக நெட்வொர்க்கில் வயர்கார்டு இணையவே மாட்டேன் என்கிறது. போர்ட்டை 443-க்கு மாற்றினால் போதும், யாருக்கும் தெரியாது என்று ஒருவர் சொன்னார். சரியா?

பழைய மோடம்:

போர்ட்டை மாற்றினால், போர்ட் எண்ணை மட்டும் பார்த்துத் தடுப்பவரிடமிருந்து தப்பலாம். பாக்கெட்டைப் பிரித்துப் பார்ப்பவரிடம் தப்ப முடியாது. வயர்கார்டின் முதல் ஹேண்ட்ஷேக் பாக்கெட் எப்போதும் 148 பைட், முதல் பைட் 1, அடுத்த மூன்றும் பூஜ்யம். பதில் 92 பைட், 2-ல் தொடங்கும். இதைவிடத் தெளிவாக அடையாளம் சொல்ல முடியாது. தன்னை மறைத்துக்கொள்வது அதன் வேலையே இல்லை. உள்ளே இருப்பதைப் படிக்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. பல அலுவலகங்கள் யுடிபியையே மொத்தமாக அடைத்துவிடும். அங்கே ஓபன்விபிஎன்னை டிசிபியில் ஓட்டுவார்கள். டிசிபிக்குள் டிசிபி ஓடும்போது ஒரு பாக்கெட் விழுந்தால் இரண்டு அடுக்கும் தனித்தனியாக மறுபடி அனுப்பி, வேகம் படுத்துவிடும்.

ஆனால் அது உங்கள் நெட்வொர்க் இல்லை. ஐடி துறையிடம் கேளுங்கள். அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் அதிலேயே கண்காணிப்பு மென்பொருள் இருக்கலாம், டனலுக்குள் போவதற்கு முன்னாலேயே அது பார்த்துவிடும்.

தூக்கணாங்குருவி:

கடைசி வரி போனுக்கும் பொருந்தும். விபிஎன் போட்டால் இடம் மறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஐபி காட்டும் இடம் மாறும், அவ்வளவுதான். சிம் எந்த டவரோடு பேசுகிறது என்பது மொபைல் நிறுவனத்துக்குத் தெரிந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அழைப்பே வராது. ஜிபிஎஸ் அனுமதி கொடுத்த ஆப் விபிஎன்னைக் கேட்டுக்கொண்டு இருக்காது. பிரௌசரில் அக்கவுண்டில் உள்நுழைந்தபடி ஐபியை மட்டும் மாற்றினால் அந்தத் தளத்துக்கு நீங்கள் யார் என்பதில் துளியும் குழப்பம் வராது. குக்கீ, திரை அளவு, எழுத்துரு பட்டியல் எல்லாம் டனல் வழியாகவே பத்திரமாகப் போய்ச் சேரும். வைரஸும் அப்படியே வந்து சேரும்.

மின்மினி:

புரிகிறது. இன்னொன்று கவனித்தேன். விபிஎன்னில் இருக்கும்போது “நீங்கள் மனிதரா” என்று கேட்கும் படப்புதிர்கள் அடிக்கடி வருகின்றன. ஒரு வீடியோ தளம் “ப்ராக்ஸியை அணைக்கவும்” என்கிறது. நான் ஒருத்திதானே அந்த ஐபியைப் பயன்படுத்துகிறேன்?

நெட்டிலிங்கம்:

ஐபி யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பது பொதுத் தகவல். உங்களுடையது டேட்டா சென்டர் தொகுதியில் வருகிறது. வீட்டிலிருந்து வருபவர் எவரும் டேட்டா சென்டரில் குடியிருக்க மாட்டார் என்பது அவர்கள் கணக்கு. போதாததற்கு, உங்களுக்கு முன்னால் அந்த ஐபியை வைத்திருந்தவர் ஸ்பேம் அனுப்பியிருந்தால் அந்தக் கெட்ட பெயரும் கூடவே வந்திருக்கும். இதற்கு முழுத் தீர்வு கிடையாது. வங்கி, வீடியோ ஆப்களை மட்டும் டனலுக்கு வெளியே விட வயர்கார்டின் ஆண்ட்ராய்டு ஆப்பிலேயே வசதி இருக்கிறது. வீட்டில் இருக்கும்போது முழு டனலே தேவையில்லை என்பது என் கட்சி. அலவுட் ஐபிஸில் 10.66.0.0/24-உம் வீட்டு நெட்வொர்க்கும் மட்டும் உள்ள இன்னொரு கான்ஃபிக் வைத்துக்கொள்ளுங்கள். பொது வைஃபையில் மட்டும் முழு டனல்.

மின்மினி:

அப்படியே செய்தேன், நன்றாக இருக்கிறது. நாஸும் திறக்கிறது. ஆனால் இரண்டு தொல்லை மீதி. வீட்டில் மின்சாரம் போய்வந்தால் ராஸ்பெர்ரி பை சில நேரம் இணைவதில்லை. அப்புறம், போனில் விபிஎன் போட்டால் லேப்டாப்பில் நின்றுவிடுகிறது. லேப்டாப்பில் ஏதாவது திறந்தால் அது வந்துவிடும், போனில் போய்விடும்.

பழைய மோடம்:

ராஸ்பெர்ரி பையில் கடிகார பேட்டரி இருக்காது. மின்சாரம் வந்ததும் பழைய நேரத்தோடு எழுந்திருக்கும். வயர்கார்டு ஹேண்ட்ஷேக்கில் நேர முத்திரை உண்டு. முன்பு வந்ததைவிடப் பழைய முத்திரையோடு வந்தால், பதிவு செய்து வைத்த பாக்கெட்டை யாரோ திரும்ப அனுப்புகிறார்கள் என்று சர்வர் சத்தமில்லாமல் தள்ளிவிடும். பையின் நேரம் சரியாகும்வரை இதே நிலைமைதான். நேரத்தை டனலுக்கு வெளியே வாங்கும்படி வையுங்கள், நேரம் சரியான பிறகு வயர்கார்டு எழட்டும். சிஸ்டம்டியில் (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கும் மென்பொருள்) அந்த வரிசையைக் கட்டலாம்.

கறார்:

இரண்டாவது: லேப்டாப்பின் கான்ஃபிக்கை அப்படியே போனுக்கு க்யூஆர் கோடில் ஏற்றினீர்களா?

மின்மினி:

ஆமாம்.

கறார்:

அதுதான். சர்வரைப் பொறுத்தவரை ஒரு பப்ளிக் கீ என்றால் ஒரு சாதனம். கடைசியாக எந்த முகவரியிலிருந்து சரியான பாக்கெட் வந்ததோ, பதிலை அங்கேதான் அனுப்பும். வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது இணைப்பு அறுபடாமல் இருப்பதே இதனால்தான். இங்கே இரண்டு சாதனம் ஒரே கீயோடு மாறிமாறிப் பேசுவதால், ஆள் இடம் மாறிக்கொண்டே இருக்கிறார் என்று அது நினைக்கிறது.

போனில் புதிதாக ஒரு ஜோடி கீ உருவாக்கி, 10.66.0.3/32 கொடுத்து, தனி பீராகச் சேருங்கள். அலவுட் ஐபிஸில் பழைய எண்ணையே கொடுத்துவிடாதீர்கள், ஒரே முகவரியை இரண்டு பீருக்கு எழுதினால் கடைசியாக ஏற்றப்பட்டது எடுத்துக்கொள்ளும், முதலாவது அநாதையாகிவிடும். தனித்தனியாக இருந்தால் போன் தொலைந்த அன்று அந்த ஒரு பீரை மட்டும் நீக்கினால் போதும், லேப்டாப்பில் கை வைக்க வேண்டியதில்லை.

மின்மினி:

சேர்த்துவிட்டேன். இப்போது இரண்டிலும் சேர்ந்தாற்போல ஓடுகிறது. டபிள்யூஜி ஷோவில் மூன்று பீர், மூன்றுக்கும் ஹேண்ட்ஷேக் தெரிகிறது. பைக்கு நேர வரிசையை இன்று இரவு மாற்றிவிட்டு, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துச் சொல்கிறேன்.